வேலுக்கு முன்னால் ஏரியல்

வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகும் என் கைப்பேசிக்குப் படங்கள் வருவது நிற்கவில்லை. எல்லாம் வண்டிக் கூரைகளின் படங்கள். கூரையில் ஓர் ஏரியல் நிற்கும். சில சமயம் இரண்டு நிற்கும். படத்துக்குக் கீழே ஒரே கேள்வி: "அங்கிள், ஓகேவா?" விடுமுறை நாள்களில் காட்டுத் தடங்களில் ஃபோர் பை ஃபோர் ஓட்டும் இளைஞர்களிடம் யாரோ என் எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். போன மாதம் ஒருவர், எந்த ரேடியோ வாங்குவது, எந்த ஏரியல் வைப்பது என்று "ஷார்ட்டா ஒரு பேஜ்ல" எழுதித் தரச் சொன்னார். ஒரு பக்கத்தில் அடங்கும் விஷயமாக இருந்திருந்தால் என் வேலைக் காலம் முழுவதையும் ஒரே கடையில் கழித்திருக்க மாட்டேன். ஆனாலும் கேட்டுவிட்டார். எழுதுகிறேன்.

நான் வேலை கற்ற கதை சிறியது. பந்திங்கில் பள்ளிப் படிப்பு, கோலாலம்பூரில் மின்னணுவியல் சான்றிதழ், அதன் பிறகு பிரிக்பீல்ட்ஸில் இருவழி ரேடியோ விற்றுப் பொருத்திக் கொடுக்கும் கடையில் வேலை. முதலில் டாக்சிகளுக்குப் பொருத்தினோம். கைப்பேசி வந்து டாக்சி ரேடியோவை விழுங்கியது. பிறகு லோரிக் கம்பெனிகள், காவலாளி நிறுவனங்கள். அவையும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. கடைசியில் எங்களை வாழவைத்தவர்கள், நல்ல தார்ச்சாலை இருக்கும்போதே அதைவிட்டு இறங்கிச் சேற்றில் போக ஆசைப்பட்டவர்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் சாலைகள் நன்றாக ஆக ஆக அவர்களுடைய எண்ணிக்கையும் கூடியது. காட்டுக்குள் கைப்பேசிக் கோபுரம் இல்லை என்பதே எங்கள் வியாபாரத்தின் அடித்தளம்.

கடை முதலாளி பெயர் அந்தோணி. ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசையைத் தவறவிடாதவர். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். மிகவும் கோபம் வந்தால் துடைத்த கண்ணாடியை மறுபடியும் துடைப்பார். எந்த ரேடியோ நல்லது என்று கேட்டு வருகிறவருக்கு அவர் எடுத்தவுடன் பதில் சொன்னதில்லை. மூன்று கேள்விகள் கேட்பார்.

"பாஸ், அம்பது வாட்ஸ் ரேடியோ இருக்கா?"

"இருக்கு. யாரோட பேசணும்?"

"ஃப்ரெண்ட்ஸோடதான்."

"அவங்க எங்க இருப்பாங்க?"

"எனக்கு முன்னால போற வண்டியில."

"ஹாரன் அடிச்சாலே கேக்குற தூரம். சரி, என்ன பேசப் போறீங்க?"

இந்த மூன்றாவது கேள்வியில்தான் பலர் எழுந்து போய்விடுவார்கள். அவ்வளவு பணம் போட்டு வாங்கும் பொருளில் என்ன பேசுவது என்று அவர்கள் அதுவரை யோசித்திருக்க மாட்டார்கள். போனவர்களில் பெரும்பாலோர் வேறு கடையில் அம்பது வாட்ஸ் வாங்கி, அது சரியாகக் கேட்கவில்லை என்று எங்களிடமே திரும்பி வருவார்கள். அப்போதும் அந்தோணி அதே மூன்று கேள்விகளைத்தான் கேட்பார்.

படம் அனுப்பும் இளைஞர்களுக்கு நான் சொல்வதெல்லாம் அவரிடம் கற்றதுதான். கையில் பிடித்துப் பேசும் வாக்கிடாக்கியை இரும்பு வண்டிக்குள் உட்கார்ந்து பயன்படுத்துவது அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுவதற்குச் சமம். வண்டியிலேயே பொருத்தும் ரேடியோ வாங்குங்கள். பணம் போதவில்லை என்றால் ரேடியோவில் குறைத்துக்கொள்ளுங்கள், ஏரியலில் குறைக்காதீர்கள். நீளமான ஏரியல் தூரம் போகும் என்பது உண்மை. ஆனால் அது அலையைத் தட்டையாக, தோசைபோல வீசும். சமவெளிக்கு அது சரி. மலைத் தடத்தில் உங்கள் நண்பர் உங்களுக்கு மேலே இருப்பார், அல்லது கீழே இருப்பார். தோசை அவருடைய தலைக்கு மேலே போய்விடும். அங்கே அரை மீட்டர்கூட வராத குட்டை ஏரியல்தான் நல்லது. அதை இரும்புக் கூரையின் நடுவில் வையுங்கள். ஃபைபர் கூரையில் வைக்காதீர்கள். ஏரியலுக்குக் காலடியில் இரும்புத் தகடு வேண்டும். முன்பக்க பம்பரில் வைத்தால் வண்டியின் உடம்பே பாதித் திசையை மறைக்கும். மரக்கிளை இடித்தால் வளைந்து நிமிர அடியில் ஸ்பிரிங் இருக்கட்டும். கடைசியாக, அதன் பக்கத்தில் வேறு எந்த இரும்பும் நிற்கக் கூடாது. விளக்கு, ஏணி, சட்டம், எதுவும்.

இந்தக் கடைசி விதியை நான் ஆயிரம் பேருக்குச் சொல்லியிருப்பேன். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

எல்லாரும் கேட்பதற்காகவே ஏரியல் வைப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பங்சாரிலிருந்து ஒருவர் வருவார். வண்டியில் மூன்று ஏரியல். ஒன்று எங்கள் ரேடியோவுக்கு. இன்னொன்று வேறு ரேடியோவுக்கு. மூன்றாவதை எதில் இணைப்பது என்று கேட்டேன். "அது சும்மா லுக்குக்குலா" என்றார். அதற்கு அடியில் கேபிளே கிடையாது. நான் பார்த்தவற்றில் ஒருநாளும் பழுதாகாத ஏரியல் அது ஒன்றுதான்.

பொருத்தி முடித்தபின் சோதனை செய்வதிலும் அந்தோணிக்கு ஒரு முறை உண்டு. "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்று சொல்ல அவர் விடமாட்டார். ஒன்றுக்கும் இரண்டுக்கும் பிறகு மூன்று வரும் என்று காதுக்குத் தெரியும். இரைச்சலில் பாதி கரைந்து போனாலும் கேட்டதாகவே தோன்றும். எதிரில் இருப்பவர் ஊகிக்க முடியாததைச் சொல்ல வேண்டும். அதனால் காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்பார். எங்கள் கடைக்கு ஒதுக்கப்பட்ட அலைவரிசையை யாராவது ஒட்டுக் கேட்டிருந்தால், அதைச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறவர்களுடையது என்றே நினைத்திருப்பார்கள்.

இனி சரவணன் விஷயத்துக்கு வருகிறேன்.

சரவணன் கிள்ளானில் டயர் கடை வைத்திருப்பவர். அங்குள்ள ஒரு ஃபோர் பை ஃபோர் கிளப்பில் கடைசி வண்டி அவருடையது. வெளியே இருந்து பார்ப்பவர்களுக்கு இது தாழ்வாகத் தோன்றலாம். அந்த வட்டாரத்தில் அது மரியாதைக்குரிய இடம். முன்னால் போகிறவருக்கு வழி தெரிந்தால் போதும். பின்னால் வருகிறவருக்கு வழியில் சிக்கிய எல்லாரையும் இழுத்து விடத் தெரிய வேண்டும். அவருடைய வண்டிக்கு ரேடியோவும் ஏரியலும் நான்தான் பொருத்தினேன். கூரையின் நடுவில், குட்டை ஏரியல், எல்லாம் முறைப்படி. சோதனையில் அவர் காலையில் சாப்பிட்ட இடியாப்பம் ஓர் இழைகூட விடாமல் கேட்டது.

சில மாதங்கள் கழித்து அவர் மனைவி மல்லிகாவோடு வந்தார். மல்லிகா கிள்ளானில் ஒரு தனியார் மருத்துவமனையில் தாதி. வந்ததும் நாற்காலியில் உட்காராமல் கவுன்டர்மேல் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, இந்த ரேடியோ யார் வச்சது?"

"நான்தாம்மா."

"ரவாங் தாண்டி உள்ள ட்ரிப் போனோம். ஆத்தைக் கடக்கறப்ப வண்டி வழுக்கி ஒரு பக்கமா சாஞ்சிருச்சு. தண்ணி என் கதவு வரைக்கும் வந்துருச்சு. இவரு வெளியே இறங்கிக் கயிறு கட்டிக்கிட்டு இருக்காரு. நான் மைக்கை எடுத்துக் கூப்பிடுறேன், கூப்பிடுறேன். ஒருத்தன் வாயத் தொறக்கல."

"அவங்களுக்குக் கேக்கலலா" என்றார் சரவணன்.

"கேக்கலதான். அப்புறம் எப்படித் திரும்பி வந்தாங்கன்னு சொல்லுங்களேன் அண்ணன்கிட்ட."

சரவணன் சுவரில் இருந்த விலைப்பட்டியலைப் படிக்கத் தொடங்கினார். மல்லிகாவே சொன்னார்.

"மத்தியானச் சாப்பாடு எங்க வண்டியில இருந்துச்சு. பசி எடுத்துத்தான் தேடி வந்தாங்க. எங்க ஞாபகம் வரல அண்ணே, கோழிக்கறி ஞாபகம் வந்துச்சு."

அந்தோணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மல்லிகா தன் முடிவைச் சொன்னார். இனி சரவணன் போவதாக இருந்தால் அவரும் கூடப் போவார். அவர் கூப்பிட்டால் முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்க வேண்டும். கேட்காது என்றால் வண்டியை விற்றுவிட வேண்டும். சரவணனுக்கு அந்த வண்டி எப்படிப்பட்டது என்பது அவர் விலைப்பட்டியலை விட்டுத் திரும்பிய வேகத்தில் தெரிந்தது.

"கேக்கும்மா. கேக்க வைக்கிறோம்" என்றார் அந்தோணி. வாடிக்கையாளருக்கு அவர் வாக்குக் கொடுத்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வண்டியைப் பார்க்கப் போனேன். கூரையில் ஒரு மாற்றம் இருந்தது. ஏரியலுக்கு ஒரு முழம் முன்னால், கூரையில் துளையிட்டு முடுக்கிய ஒரு வேல். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஏரியலைவிட இரண்டு விரல் உயரம் கூடுதல். அந்த ரவாங் பயணத்துக்கு முன்பே மல்லிகாவுக்கு ஓர் ஆபரேஷன் நடந்திருக்கிறது. அவர் நல்லபடியாக எழுந்தால் வண்டிக்கு வேல் வைப்பதாகச் சரவணன் பத்துமலையில் வேண்டிக்கொண்டிருக்கிறார். எழுந்துவிட்டார். இரும்புக் கதவு செய்யும் பட்டறையில் சொல்லி வேல் அடித்து, பூசை போட்டு, வண்டியில் நட்டுவிட்டார். சாமி முன்னால் நிற்க வேண்டும் என்பதால் ஏரியலுக்கு முன்னால்.

நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூரையில் ஏறினேன். வேலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பிறகு அதற்கு முதுகைக் காட்டாதபடி ஒருபக்கமாக மண்டியிட்டு உட்கார்ந்து, ஏரியலில் என்ன பழுது என்று தேடத் தொடங்கினேன்.

முறைப்படிதான் தேடினேன். ரேடியோவிலிருந்து போகும் சக்தியில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் மீட்டரை இணைத்தேன். நான் பொருத்தியபோது இருந்ததைவிடக் கொஞ்சம் கூடியிருந்தது. ஆனால் கவலைப்படும் அளவுக்கு இல்லை. தண்ணீர் புகுந்திருக்கும் என்று நினைத்துக் கேபிளை மாற்றினேன். கேபிள் முனையை மாற்றினேன். அடிக்கட்டையை மாற்றினேன். ஏரியலையே மாற்றினேன். சரவணன் வண்டியை எடுத்துக்கொண்டு கடையிலிருந்து பங்சார் பக்கம் போய், நெடுஞ்சாலையில் ஏறிக் கிள்ளான் திசையில் ஓட்டியபடியே பேசினார். அன்று அவர் சாப்பிட்டது தோசை. தோசையும் இரண்டு வகைச் சட்னியும் தெளிவாகக் கேட்டன. போதும் என்று சொன்னேன். மைக்கை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார்.

எல்லாம் சரி என்று அனுப்பினோம். அடுத்த பயணத்திலும் முன்வண்டிக்குக் கேட்கவில்லை. மீண்டும் வந்தார்கள். இந்த முறை ரேடியோவையே மாற்றினோம். அதே சாலை, அதே சோதனை. நாசி லெமாக், முட்டை, சம்பல், எல்லாம் கேட்டது.

கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த மல்லிகா எழுந்து உள்ளே வந்தார்.

"சார், இவரு எப்பவும் போறப்பதான் பேசுறாரு. வர்றப்ப பேசினதே இல்ல."

"போறப்ப கேட்டா வர்றப்பவும் கேக்கும்மா" என்றார் அந்தோணி. "ரேடியோவுக்குப் போறது வர்றதெல்லாம் தெரியாது."

"அன்னைக்கு ஆத்துல அவங்க எங்களுக்கு முன்னால இருந்தாங்க. இங்க இவரு பேசறப்ப கடை எங்களுக்குப் பின்னால இருக்கு. எனக்குத் தெரிஞ்ச வித்தியாசம் அது ஒண்ணுதான்."

மல்லிகா கணவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார். "நானே ஓட்டிட்டுப் போறேன். சுபாங் பக்கம் ஒரு பெரிய கார் பார்க் இருக்கு. அங்க நின்னு பேசுறேன்."

நானும் அந்தோணியும் கடை ரேடியோவுக்கு முன்னால் காத்திருந்தோம். சரவணன் எங்களுக்குப் பின்னால் நின்றார். கொஞ்ச நேரத்தில் மல்லிகாவின் குரல் வந்தது, பக்கத்து அறையிலிருந்து பேசுவதைப்போல.

"வந்துட்டேன். இப்ப வண்டியோட பின்பக்கம் உங்களப் பாத்து இருக்கு. கேக்குதா?"

"நல்லாக் கேக்குது."

"சரி. மெதுவா வட்டமா சுத்தப் போறேன். சாப்பாட்டக் கேக்கணுமே, கேளுங்க. காலையில ரெண்டு ரொட்டி சானாய் வாங்குனேன். ஒண்ணு எனக்கு, ஒண்ணு இவருக்கு. பருப்புக் குழம்பு கேட்டா அந்தக் கடைக்காரன்..."

குரல் அங்கிருந்து தேயத் தொடங்கியது. கடைக்காரன் என்ன செய்தான் என்பது இரைச்சலில் போயிற்று. சில நொடிகள் வெறும் இரைச்சல். பிறகு குரல் மெல்லத் திரும்பி வந்தது. "...அதுக்குத்தான் நான் சத்தம் போட்டேன். சத்தம் போட்டதும் இன்னொரு கிண்ணம் குடுத்தான். இவரு என்ன சொன்னாருன்னா..." மறுபடியும் தேய்ந்தது. சரவணன் என்ன சொன்னார் என்பதும் இரைச்சலில் போயிற்று. வண்டி ஒரு வட்டம் அடித்தால் குரல் ஒருமுறை வந்து ஒருமுறை போனது. பின்பக்கம் எங்களைப் பார்க்கும்போது வந்தது. முன்பக்கம் எங்களைப் பார்க்கும்போது போனது.

ஏரியலின் முன்பக்கத்தில் ஏதோ நிற்கிறது. அது அலையை மறித்துப் பின்னால் திருப்பி விடுகிறது. ஏரியலைவிடச் சற்றே உயரமான ஓர் இரும்புக் கம்பி, ஒரு முழ தூரத்தில், கூரையோடு முடுக்கி நின்றால் அப்படித்தான் செய்யும். இது எங்கள் தொழிலில் முதல் வருடப் பாடம். கம்பி என்று பார்த்திருந்தால் கூரையில் கால் வைத்த உடனே கண்டுபிடித்திருப்பேன். நான் செருப்பைக் கழற்றியல்லவா ஏறினேன்.

அந்தோணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பாஸ், உங்களுக்கு முன்னமே தெரியுமா?" என்று தணிந்த குரலில் கேட்டேன்.

"மொத நாளே கண்ணுல பட்டுச்சு. ஆனா அது உங்க சாமி. நீ ஏறி இறங்குற, ஒண்ணும் சொல்லல. உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போகுதுன்னு விட்டுட்டேன்." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இப்ப நீயே சொல்லு, பாலா. நான் சொன்னா நல்லா இருக்காது."

ஆக, நான் பக்தியால் பார்க்கவில்லை. அவர் மரியாதையால் சொல்லவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் ஆற்றுத் தண்ணீரில் உட்கார்ந்து யாருக்கும் கேட்காமல் கத்தியிருக்கிறார்.

மல்லிகா திரும்பி வந்ததும் இருவரையும் உட்காரவைத்துச் சொன்னேன். சரவணன் முகம் மாறியது.

"வேலைக் கழட்டுறதா? முடியாது அண்ணே. அது இவளுக்காக வச்சது."

"எனக்காக வச்சதுன்னா எனக்காகக் கழட்டுங்க" என்றார் மல்லிகா.

"சாமி விஷயத்துல வெளையாடாத."

"நானா வெளையாடுறேன்? தண்ணியில உக்காந்திருந்தது நான்."

கழற்ற வேண்டியதில்லை என்று நான் குறுக்கிட்டேன். வேல் நின்ற இடத்திலேயே நிற்கட்டும். ஏரியலை எடுத்து வேலுக்கு முன்னால் ஒரு முழத்தில் வைக்கலாம். அப்போது வேல் பின்னால் நின்று அலை முழுவதையும் முன்பக்கமாகத் தள்ளும். கடைசி வண்டிக்கு வேண்டியவர்கள் எல்லாரும் முன்னால்தான் இருக்கிறார்கள். ஏரியல் எந்தப் பக்கம் நன்றாகப் பேசுகிறதோ அந்தப் பக்கம்தான் நன்றாகக் கேட்கவும் செய்யும் என்பதால் அவர்கள் சொல்வதும் இன்னும் தெளிவாக வரும்.

சரவணன் யோசித்தார். "சாமிக்கு முன்னால போயி ஒரு கம்பி நிக்கறதா?"

அந்தோணிதான் சொன்னார். "எங்க கோயில்ல மெழுகுவத்திய முன்னாலதான் ஏத்தறோம். உங்க கோயில்ல குத்துவிளக்கு எங்க வைப்பாங்க?"

சரவணன் தலையாட்டினார். நான் அன்றே கூரையில் புதுத் துளை போட்டேன். பழைய துளையை ரப்பர் அடைப்பானால் மூடினேன். இந்த முறையும் செருப்பைக் கழற்றித்தான் ஏறினேன். ஆனால் அளவுநாடாவை வேலில் வைத்து அளந்தேன்.

அந்தோணி வாக்குக் கொடுத்திருந்ததால் அடுத்த பயணத்தில் என்னையும் அனுப்பினார். முன்வண்டியில் உட்கார்ந்தேன். அதை ஓட்டியவர் கிளப் தலைவர் குணா. பெரிய குரல்காரர். மைக் இல்லாமலே அவர் பேச்சு பாதி வரிசைக்குக் கேட்கும். மைக் கிடைத்தால் பொதுக்கூட்டம்போல நடத்துவார். தடத்தில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் ரேடியோவில் மல்லிகா வந்தார்.

"குணாண்ணே, கேக்குதா?"

"கேக்குது தங்கச்சி. ஆனா ரேடியோல எமர்ஜென்சி மட்டும்தான் பேசணும். அதான் ரூல்."

"எமர்ஜென்சி வந்தா உங்களுக்குக் கேக்குமான்னு பாக்கத்தான் கூப்பிட்டேன் அண்ணே. எமர்ஜென்சி வந்தப்புறம் பாத்தா லேட்டாயிடும்லா."

குணா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

மதியத்துக்கு முன் மழை பிடித்தது. தடம் மலையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் வரிசை நீண்டுபோய், பின்வண்டிகள் கண்ணுக்குத் தெரியவில்லை. குணா, சாப்பிடும் இடம் பக்கத்தில் வந்துவிட்டது என்று அறிவித்துக்கொண்டிருந்தார். அவர் மைக் பட்டனை விட்டதும் மல்லிகாவின் குரல் வந்தது. நிதானமாக, வார்டில் பேசுகிறவரைப்போல.

"எல்லா வண்டியும் நில்லுங்க. எங்க பின் டயர் ரெண்டும் தடத்த விட்டு இறங்கிருச்சு. கீழ பள்ளம். வின்ச் கட்ட முன்னால ஒரு வண்டி வேணும். ஆளுக்கு ஒண்ணும் ஆகல. யாரும் சாப்பிட உக்காந்துடாதீங்க."

குணா பிரேக்கை மிதித்தார். ஒவ்வொரு வண்டியாக "கேட்டுச்சு, நிக்கிறோம்" என்று பதில் சொல்லியது. கடைசிக்கு முந்திய வண்டி பின்னால் போய் வின்ச் கம்பியைக் கட்டி இழுத்தது. நாங்கள் இறங்கி நடந்து போய்ச் சேர்ந்தபோது சரவணனின் வண்டி தடத்தில் நின்றிருந்தது. மல்லிகா மழையில் நின்று சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "கேட்டுச்சு அண்ணே" என்றார்.

என் வேலை அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கிளப்பில் வேறு முடிவுக்கு வந்திருந்தார்கள். சரவணன் வண்டியின் குரல் அவ்வளவு தெளிவாக வந்ததற்குக் காரணம் வேல் என்று பேசிக்கொண்டார்கள். தொழில்முறையில் அதை மறுக்க என்னால் முடியவில்லை, பாதி உண்மை. சிலர் சின்ன வேல் வாங்கி டேஷ்போர்டில் வைத்தார்கள். அதனால் ரேடியோவுக்கு நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. குணா தலைவர் அல்லவா, அதே பட்டறையில் அதே அளவில் அடித்துக் கூரையில் நட்டார். எங்களைக் கேட்கவில்லை. சரவணன் வண்டியைப் பார்த்து அச்சு அசலாக அப்படியே, ஏரியல் முன்னால், வேல் பின்னால்.

கடைசி வண்டிக்குப் பொருந்தியது முதல் வண்டிக்குப் பொருந்துமா? குணாவுக்கு முன்னால் காடுதான் இருந்தது. அவர் சொன்னதையெல்லாம் காடு தெளிவாகக் கேட்டிருக்கும். பின்னால் இருப்பவர்களுக்கு அவர் குரல் போகவில்லை. அவர்கள் சொன்னதும் அவருக்கு வரவில்லை. அடுத்த பயணத்தில், தங்களுக்கு முன்னால் தடத்தின் குறுக்கே ஒரு மரம் சாயப் போகிறது என்று மல்லிகா எச்சரித்ததும் எல்லா வண்டிகளும் நின்றுவிட்டன. குணா மட்டும் போய்க்கொண்டே இருந்தார். முகாம் இடத்துக்குத் தனியாகப் போய்ச் சேர்ந்து, எந்த வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று வெகுநேரம் ரேடியோவில் உத்தரவு போட்டுக்கொண்டிருந்தாராம்.

திங்கட்கிழமை கடைக்கு வந்தார். "பாலா, என் ரேடியோ அவுட்லா. ஞாயித்துக்கிழமை ட்ரிப் இருக்கு. அது முடிஞ்சு வண்டிய விடுறேன், என்னன்னு பாரு." ரேடியோவில் பழுதில்லை, ஏரியலை வேலுக்குப் பின்னால் மாற்றினால் போதும் என்று விளக்க முயன்றேன். அவசரமாக இருந்தார், பாதியிலேயே எழுந்து போய்விட்டார்.

இரண்டு நாள் கழித்துச் சரவணனும் மல்லிகாவும் வந்தார்கள்.

"அண்ணே, முன்னால போற வண்டிக்கு ஏரியல எப்படி வைக்கணும்?" என்று மல்லிகா கேட்டார்.

"பேச வேண்டியவங்க பின்னால இருப்பாங்க. அதனால வேல் முன்னால, ஏரியல் பின்னால."

சரவணன் நிமிர்ந்தார். "அது நாங்க மொதல்ல வச்சிருந்த மாதிரிதானே?"

"ஆமா. அதே மாதிரிதான்."

"பாத்தியா? மொதல்லயே சரியாத்தான் வச்சிருக்கேன்."

"வேல் சரியாத்தான் இருந்துச்சு" என்றார் மல்லிகா. "வண்டிதான் தப்பான எடத்துல போச்சு."

எதற்காகக் கேட்கிறார்கள் என்று அப்போதுதான் சொன்னார்கள். கிளப்பில் எல்லாரும் பேசி முடிவெடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சரவணன் வண்டி முன்னால் போகும், மல்லிகா ரேடியோவில் இருப்பார். குணாவுக்குக் கடைசி இடம்.

நான் அந்தோணியைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே கணக்குத்தான் ஓடியது. குணாவின் வண்டியில் ஒரு திருகைக்கூடத் தொட வேண்டியதில்லை. கடைசி வண்டிக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே அமைந்திருந்தது. அது அவருக்குத் தெரியாது என்பதுதான் குறை.

"குணாகிட்ட சொல்லியாச்சா?" என்று அந்தோணி கேட்டார்.

மல்லிகா வண்டிச் சாவியை என் முன்னால் வைத்தார்.

"அந்த ட்ரிப்லயே ரேடியோல சொல்லிட்டோம் சார். அவரத் தவிர எல்லாருக்கும் கேட்டுச்சு."